நாலு பேப்பரில் வரட்டும்

புதிதாக நிர்வாகி ஆகியிருப்பவர்களுக்கு நல்லதாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டார்கள். நல்லதாக என்று கேட்டதுதான் வம்பு. எனக்கு வருவதைத்தான் நான் எழுத முடியும். படிக்க மனமில்லாதவர்கள் இப்போதே போய்ப் பிழை திருத்துகிற வேலையைப் பாருங்கள், அதுவும் மலைபோல் கிடக்கிறது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்த காலத்திலேயே, பள்ளி விட்டு வீட்டுக்கு வந்ததும் நம்முடைய இணையக் கலைக்களஞ்சியத்தில் உட்கார்ந்துவிடுவேன். கட்டுரை எழுதுவேன், அடுத்தவர் எழுதியதைத் திருத்துவேன். பிறகு நிர்வாகி ஆக்கி, ‘நீக்கு’ என்கிற பொத்தானையும் கையில் கொடுத்தார்கள். மனை விற்கிறவர் தன்னை வள்ளல் என்று எழுதிக்கொண்ட கட்டுரை, நாலாம் வகுப்புப் பேரனின் யோகாசனத்தைப் பற்றித் தாத்தா எழுதிய கட்டுரை என்று எத்தனையோ போய்ச் சேர்ந்தன. திட்டும் நிறைய வாங்கினேன், எதுவும் ஒட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் இன்னும் நெஞ்சிலேயே கிடக்கிறது.

அது ஓட்டப்பந்தயத்தில் ஓடிய ஒரு பெண்ணைப் பற்றியது. அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நம் ஆட்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூடுவது வழக்கம், உங்களுக்குத் தெரியும். நான் காலை ஆராதனை முடிந்து நேராக அங்கே போய்விடுவேன். அப்படி ஒருநாள் உட்கார்ந்திருக்கிறோம். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தான்.

“இங்க டெலிட் பண்றவங்க யாரு?”

எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைக் கைகாட்டினார்கள். நல்ல கூட்டாளிகள் எனக்கு வாய்த்தவர்கள்.

“என் தங்கச்சி பேஜ்ல இன்னாவோ பட்டை போட்டுகீறீங்க மேடம். எடுத்துடுவோம்னு எழுதிகீது. இன்னா தப்பு கண்டீங்க அதுல?”

விசாரித்தேன். கோவளத்துக்காரன். மேடவாக்கத்தில் ஒரு செல்போன் கடையில் ரிப்பேர் வேலை. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கோவளம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மீன் விற்கிறவர். தங்கைக்குப் பதினேழு வயது, எண்ணூறு மீட்டர் ஓடுகிறாள். விடியும் முன்பே முதல் பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து பயிற்சி எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறவள். மாநில அளவில் ஜூனியர் போட்டியில் தங்கம் வாங்கியிருக்கிறாள். அண்ணன்காரன் நம் தளத்தில் கணக்குத் தொடங்கி, தானே தட்டுத் தடுமாறி எழுதக் கற்று, தங்கைக்கு ஒரு கட்டுரை போட்டிருக்கிறான். அதை யாரோ நீக்கலுக்குப் பரிந்துரைத்துவிட்டார்கள்.

“தப்பு ஒண்ணும் இல்லப்பா. சான்று இல்ல, அவ்வளவுதான்” என்றேன்.

“மெடல் கீது, சர்டிபிகேட் கீது. நானே கிரவுண்டுல நின்னு கண்ணால பாத்தேன். இன்னும் இன்னா சான்று?”

“நீ பார்த்தது கணக்கு இல்ல. நீ அண்ணன். உறவு, நட்பு எதுவும் இல்லாத யாராவது அவளைப் பத்தி விரிவா எழுதியிருக்கணும். பேப்பர்ல, புத்தகத்துல.”

“அய்ய, எவன் மேடம் எழுதுவான்? மீன் விக்கிறவ பொண்ணு ஓடுனா எவன் கேமராவ தூக்கினு கோவளத்துக்கு வருவான்?”

பாக்கெட்டிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்துக் காட்டினான். மாவட்டப் பக்கத்தில் குழுவாக நிற்கும் படம். கீழே நாலைந்து வரி, அதில் ஒரு வரியில் இவள் பெயர். அவனுக்கு அது பொக்கிஷம், விதிப்படி அது போதாது. ஏன் இவ்வளவு பதறுகிறாய் என்று கேட்டேன். ஷூ கம்பெனி ஒன்றில் பேசிப் பார்த்தானாம். நெட்டில் அடித்தால் பேர் வருமா என்று கேட்டார்களாம்.

“வந்தாத்தான் மேடம் மேல பேசவே செய்வாங்க. அவ கிழிஞ்ச ஷூவ தச்சு தச்சுப் போட்டுகினு ஓடுறா.”

அந்தப் பெண்ணும் கூடத்தான் வந்திருந்தாள். கீழே வண்டிப் பக்கத்தில் நின்றவள், அண்ணன் குரல் ஏறியதும் மேலே வந்துவிட்டாள். ஒல்லியான உடம்பு, நெற்றியில் எண்ணெய் வழியச் சீவிய தலை. கூட்டத்துக்கு வாங்கியிருந்த போண்டாவை நீட்டினேன்.

“வேணாம் மேடம். கோச் எண்ணெய்ல பொரிச்சது சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு” என்று சிரித்தாள். பிறகு அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வாண்ணா போலாம். ஜெயிச்சா தன்னால எழுதுவாங்க.”

அவள் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்துப்போயிற்று. உற்சாகத்தில் அவனிடம் சொன்னேன். “நாலு பேப்பர்ல வரட்டும்பா. வந்தா நானே உட்கார்ந்து எழுதித் தரேன்.”

“வரும் மேடம். பாத்துகினே இருங்க” என்றான். கோபம் இருந்தாலும் ரோஷத்தோடுதான் சொன்னான்.

கட்டுரையை நீக்கினேன். இன்றைக்கு அதே கட்டுரை வந்தாலும் நீக்குவேன், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஓடுகிற பிள்ளைகள் நம் ஊரில் நிறைய. அண்ணன்கள் எழுதியதையெல்லாம் வைத்துக்கொண்டால் அது கலைக்களஞ்சியம் ஆகாது.

அதற்குப் பிறகு அவ்வப்போது அவனிடமிருந்து வாட்ஸ்அப் வரும். தென் மாநிலங்களுக்கான போட்டியில் அவள் தங்கம் வாங்கியபோது ஒரு பத்திரிகைத் துண்டைப் படம் எடுத்து அனுப்பினான். இந்த முறை அவளைப் பற்றி மட்டுமே ஒரு பத்தி இருந்தது. கீழே, ‘ஒண்ணு ஆச்சு மேடம், மூணு பாக்கி’ என்று எழுதியிருந்தான். நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி ஒரு படம் அனுப்பினேன். உள்ளபடியே சந்தோஷம்தான். இன்னும் ஒரு வருஷம் போனால் அவளுக்குக் கட்டுரை எழுதுவது நானாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் காலையில் காபி குடித்தபடி பேப்பரைப் பிரிக்கிறேன், அவள் படம். குழுப் படம் கிடையாது, தனிப் படம், பெரிதாக. கோவளம் மீனவர் மகள் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார், இடைக்காலத் தடை. பதினெட்டு முடியாத பிள்ளை, பெயரைப் போட்டிருக்கவே கூடாது. யாரோ ஒருவர் போட்டார், அடுத்தவர்கள் எல்லாரும் போட்டார்கள். டி.வி.யிலும் ஓடியது. மாநிலத்துக்கே முதலாக வந்தபோது எட்டிப் பார்க்காத கேமரா, இப்போது கோவளம் பஸ் ஸ்டாண்டில் அவள் அம்மாவின் மீன் கூடையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் அவன் போன் செய்தான். கத்துவான் என்று தயாராகத்தான் எடுத்தேன். அவன் கத்தவில்லை.

“மேடம், நாலு பேப்பர்ல வந்துட்ச்சி.”

மேஜையில் கிடந்த பேப்பரைக் கவிழ்த்து வைத்தேன்.

“நாலுக்கு மேலயே வந்துகீது. இப்ப எழுதுவீங்களா?”

வைத்துவிட்டான். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு கேள்வி மாதிரி எதுவும் சுட்டதில்லை.

நான் எழுதவில்லை. ஆனால் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் கட்டுரை ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. சுத்தமான கட்டுரை. வரிக்கு வரி சான்று, பிறந்த ஊர், பள்ளி, பதக்கங்கள், பிறகு ‘ஊக்கமருந்துச் சர்ச்சை’ என்று தலைப்புப் போட்டு மற்றதை விட நீளமாக ஒரு பகுதி. எழுதியவன் யாரோ அல்ல, நான் கைபிடித்துப் பழக்கியவன். மேடவாக்கத்தில் இருந்து ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. வேலைக்குப் போகிற பிள்ளை. அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். வேலையில் நேர்மை, வம்புக்குப் போகாத குணம். உடனே போன் போட்டேன். பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கிற சத்தம், டிராஃபிக்கில் மாட்டியிருந்தான்.

“என்ன தம்பி இது? சின்னப் பொண்ணு. விசாரணையே இன்னும் முடியல.”

“அக்கா, அவங்க ஜெயிச்சப்போ சான்று இல்லன்னு நீங்கதான் நீக்கினீங்க. கரெக்ட். இப்போ சான்று இருக்கு. நான் ஒரு வார்த்தை கூட என் கைல இருந்து போடல.”

“சான்று இருக்கிறதெல்லாம் எழுதியே ஆகணுமா?”

“நான் எழுதலன்னா வேற எவனாவது மோசமா எழுதுவான்க்கா. நான் இடைக்காலத் தடைன்னுதான் போட்டிருக்கேன், தப்பு பண்ணாங்கன்னு போடல. அவங்க வாங்கின மெடலும் இருக்கு. நாளைக்கு அவங்க மேல தப்பில்லன்னு தீர்ப்பு வந்தா, அதை நாமதான் சேர்ப்போம். நியூஸ்காரன் சேர்ப்பானா? அவன் போயிட்டே இருப்பான்.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே: இந்த வேலையில் உங்களைப் படுத்துகிறவர்கள் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். கெட்டவர்களைச் சமாளிப்பது சுலபம், தடை செய்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

அண்ணன்காரன் இந்தமுறை நீக்கச் சொல்லி, கட்டுரையைப் பற்றி விவாதிக்கிற பேச்சுப் பக்கத்தில் எழுதினான். போன தடவை வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியவன். எழுதத் தெரியாமல், தப்பான இடத்தில், முழுக்கக் கோபமாக எழுதினான். குடும்பத்தினர் தலையிடக் கூடாது என்று ஒருவர் அவனுக்குப் பாடம் நடத்தினார். வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளலாம் என்று வரிசையாகக் கருத்துகள் விழுந்தன. நான் ஒரே ஒரு விதியைச் சுட்டிக்காட்டினேன். ஒரேயொரு நிகழ்வால் மட்டும் செய்தியில் அடிபடுகிற தனிநபருக்கு, அதுவும் வயது வராதவருக்கு, தனிக் கட்டுரை வேண்டாம் என்று நம் விதியே சொல்கிறது.

அதற்கு வந்த பதிலைக் கேளுங்கள். நிகழ்வு ஒன்றல்ல, இரண்டாம். ஊக்கமருந்துச் செய்தி ஒன்று, தங்கம் வென்றது ஒன்று. தங்கத்துக்குச் சான்று எங்கே என்று பார்த்தால், ஊக்கமருந்துச் செய்திகளுக்குள்ளேயே ‘மாநில அளவில் தங்கம் வென்ற இவர்’ என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியிருந்தது. எந்தத் தங்கத்தைச் சான்றில்லை என்று நான் நீக்கினேனோ, அந்தத் தங்கம் இப்போது கணக்கில் ஏறிவிட்டது. அவளை உள்ளேயே பிடித்து வைப்பதற்காக ஏறியது.

உரையாடலை முடித்து வைக்க வேண்டிய பொறுப்பு என்னுடையது. முடிக்கும் முன் நான் ஒரு காரியம் செய்தேன். நிர்வாகி செய்யக் கூடாதது அது. பஸ் ஏறி, கேளம்பாக்கத்தில் மாறி, கோவளம் போனேன்.

அம்மாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் மீன் விற்கிற பெண்கள் வரிசையில், கடைசியில், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாம்மா வோணும்? சங்கரா கீது, நெத்திலி கீது.”

நான் யார் என்று சொன்னேன். அவளுக்குக் கலைக்களஞ்சியம் எல்லாம் புரியவில்லை, பேப்பரில் வந்ததைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்பது மட்டும் புரிந்தது. கத்தியைக் கீழே வைத்தாள்.

“நான்தாம்மா குட்த்தேன். போட்டிக்கு முன்னாடி நாலு நாளா இருமிகினே கெடந்தா. தோ அந்தக் கடையாண்ட போயி இருமல் மருந்து வாங்கியாந்து, நான்தான் மூடில ஊத்தி வாயில வச்சேன். அதுல இன்னா கீதுன்னு எனுக்கு இன்னாம்மா தெரியும்? இப்ப மீனு வாங்க வர்றவ கேக்குறா, உன் பொண்ணு ஊசி போட்டுகினு ஓடுனாளாமேன்னு. நான் இன்னான்னு சொல்லுவேன்?”

பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எனக்கு ஏன்டா வந்தோம் என்று ஆகிவிட்டது.

அங்கிருந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் கதவோரமாக நின்றாள். உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. பயிற்சிக்குப் போவது நின்றுவிட்டதாம். தடை இருக்கிற வரைக்கும் மைதானத்துப் பக்கம் வராதே என்று கோச் சொல்லிவிட்டாராம்.

“உன்னைப் பத்தி எங்க தளத்துல ஒரு கட்டுரை வந்திருக்கும்மா. அதை வைக்கிறதா எடுக்கிறதான்னு நான் முடிவு பண்ணணும்” என்றேன்.

“படிச்சேன் மேடம்.”

“நீ என்ன நினைக்கிறே?”

நிமிர்ந்து நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். “ஜெயிச்சப்போ எனக்கு எடம் இல்லன்னீங்க. சரின்னு போயிட்டேன். இப்ப எதுக்கு மேடம் எடம் குடுக்கறீங்க? நான் கேக்கவே இல்லையே.”

திரும்பி வரும் பஸ்ஸில் பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்த தலைமை எழுத்தர் நினைவுக்கு வந்தார். சிடுசிடுப்பான மனிதர், யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையனுக்கு டி.சி. எழுத வேண்டி வந்தது. வாத்தியாரைக் கை நீட்டி அடித்துவிட்டு வெளியேறுகிறவன். ‘நடத்தை’ என்கிற இடத்தில் என்ன சார் எழுதுவது என்று கேட்டேன். நன்று என்று எழுது என்றார். அடிச்சிருக்கானே சார் என்றேன். “அவன் போற எடத்துக்கு அவனுக்கு முன்னாடி இந்தக் காகிதம் போய் உட்கார்ந்துக்கும்மா. அவன் பேசுறதுக்கு ஒரு சான்ஸ் வேணாமா?” என்றார். அன்றைக்கு எனக்கு அது பொய் எழுதுவதாகப் பட்டது. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் யார் டி.சி.யை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், நன்று என்றுதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து கட்டுரையை நீக்கினேன். காரணத்தை மறைக்காமல் எழுதினேன். வயது வராதவர், விசாரணை முடியவில்லை, செய்தி அத்தனையும் ஒரே சம்பவத்தின் மேல் நிற்கிறது. நேரில் போய்ப் பார்த்ததையும், அந்த டி.சி. கதையையும்கூட எழுதினேன், ஒளிப்பதற்கு எனக்கு என்ன வந்தது?

பிடித்துக்கொண்டார்கள். பெரும்பான்மைக் கருத்தை மீறிவிட்டார் என்றார்கள். அக்கா உணர்ச்சிவசப்பட்டுவிட்டார், வீட்டுக்கே போய்ப் பேசியிருக்கிறார், இனி எப்படி நடுநிலை என்றார்கள். தம்பி மட்டும் மரியாதையாக எழுதினான்: ‘இது டி.சி. இல்லை அக்கா. உள்ளதை உள்ளபடி எழுதும் இடம். தீர்ப்பு வந்த அன்றைக்கே சேர்ப்பேன், இது என் பொறுப்பு.’ மீளாய்வில் வேறொரு நிர்வாகி கட்டுரையை மீட்டார். நான் அதற்குமேல் சண்டை போடவில்லை. நானே வளர்த்த விதிகள், அவற்றோடு எப்படிச் சண்டை போடுவது?

விசாரணை இழுத்துக்கொண்டே போயிற்று. அந்த வருஷத்துப் போட்டிகள் எல்லாம் முடிந்தன. அவள் பள்ளியையும் முடித்தாள். விளையாட்டுக்கான ஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் தருவதாக இருந்த கல்லூரி கையை விரித்துவிட்டதாக அண்ணன் சொன்னான். கடைசியில் ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது. இருமல் மருந்தில் இருந்த சரக்குதான், வேண்டுமென்று எடுத்துக்கொண்டது இல்லை, எச்சரிக்கையோடு விடுகிறோம், தடை நீங்கியது.

அவன் அந்த உத்தரவை எனக்கு அனுப்பினான். கீழே ஒன்றும் எழுதவில்லை. நான் தம்பிக்கு அனுப்பினேன். தம்பி சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், அன்றைக்கே கட்டுரையில் சேர்த்தான். அடுத்த நாள் அது அங்கே இல்லை. வேறொரு பயனர் எடுத்துவிட்டிருந்தார். தனிப்பட்ட முறையில் கிடைத்த ஆவணத்தைச் சான்றாகக் காட்ட முடியாது, வெளியில் பிரசுரமான சான்று வேண்டும் என்று காரணம் சொல்லியிருந்தார். விதிப்படி சரி. அந்த விதியை நானே பத்துப் பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

சான்று தேடினோம். ஒரு பத்திரிகையிலும் இல்லை. தடை போட்டபோது முதல் பக்கத்தில் போட்டவர்கள், நீங்கியபோது ஒரு மூலையில்கூடப் போடவில்லை. அண்ணன்காரன் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பத்திரிகை ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினான். அவனுக்குத் தெரிந்த ஒரு நிருபருக்கு நானே போன் செய்தேன்.

“விட்டுட்டாங்கன்னா நல்லதுதானேம்மா. அதுல என்ன நியூஸ் இருக்கு? அந்தப் பொண்ணு திரும்ப ஓடி ஏதாவது ஜெயிக்கட்டும், கண்டிப்பா பண்றேன்” என்றார் அவர்.

அவன் மறுபடி நம் பேச்சுப் பக்கத்துக்கு வந்தான். இந்த முறை கோபமில்லை. என் தங்கச்சி மேல் தப்பில்லை என்று வந்துவிட்டது, ஒரு வரி சேருங்கள் சார் என்று எழுதியிருந்தான். அதற்குப் புதிதாகச் சேர்ந்த பயனர் ஒருவர், பழைய கதை எதுவும் தெரியாதவர், நல்லெண்ணத்தோடு பதில் போட்டிருந்தார்: ‘கவலை வேண்டாம். பேப்பரில் வரட்டும், சேர்த்துக்கொள்ளலாம்.’

அதைப் படித்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தேன்.

தம்பி விடவில்லை. தான் எழுதிய கட்டுரையைத் தானே நீக்கப் பரிந்துரைத்தான். ஏன் என்று நீளமாக எழுதினான். நாம் ஒரு பக்கத்தைத் திறந்தோம், அதை முடிக்க நம்மால் முடியவில்லை, முடிக்க முடியாத பக்கத்தை ஒரு பெண்ணின் தலையில் கட்டக் கூடாது என்று எழுதினான். முன்பு வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவர்களிலேயே சிலர் வந்து ஆமோதித்தார்கள். கட்டுரை போயிற்று. எனக்குப் போன் செய்தான்.

“எடுத்தாச்சுக்கா.”

“சரி தம்பி.”

“ஆனா நம்மகிட்ட இருந்து காப்பி அடிச்சுப் போட்ட சைட்லலாம் அப்படியேதான் இருக்கு. எல்லாருக்கும் மெயில் போட்டுப் பார்த்தேன், ஒருத்தனும் பதில் போடல. அவங்க பேரை அடிச்சா அதான் மொதல்ல வருது. நான் எழுதின அதே வரிக்கா.” குரல் உடைந்துவிட்டது அவனுக்கு. “இடைக்காலத் தடைன்னு நான் எழுதினதுல இடைக்காலம்ங்கிற வார்த்தையைக் கூட எவனோ தூக்கிட்டான்.”

நான் அவனைத் தேற்றவில்லை. தேற்றுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டேன்.

என்னுடைய நிர்வாகிப் பொறுப்பை அதற்குச் சில மாதம் கழித்து விட்டேன். கண் சரியில்லை என்று காரணம் எழுதினேன், கண்ணும் சரியில்லைதான். யார் மேலும் வருத்தம் கிடையாது. விதிகளைத் தூக்கிப் போடுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். விதி இல்லாவிட்டால் இந்த இடம் மனை விற்கிறவர்கள் கையில் போய்விடும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வயதில் சின்னவர்களைப் பற்றி ஒரு பக்கம் உங்கள் முன்னால் வந்தால், சான்று இருக்கிறதா என்று பார்த்ததோடு எழுந்து போய்விடாதீர்கள். இந்தக் கதை இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா, அது முடியும்போது முடிவை எழுத நமக்கு யாராவது சான்று தருவார்களா என்று கேளுங்கள். தர மாட்டார்கள் என்று தோன்றினால் ஆரம்பிக்காதீர்கள். காத்திருந்தால் நமக்கு ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது.

இவ்வளவோடு முடித்திருப்பேன். ஆனால் போன மாதம் மேடவாக்கத்தில் என் தங்கை மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாமான் வாங்க அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தேன். பில் போடுகிற இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. ஆனாலும் அந்த முகம் எனக்கு மறக்குமா? சந்தோஷத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். அவள் திரும்பவில்லை. கேட்கவில்லையோ என்று இன்னொரு முறை, சத்தமாகவே கூப்பிட்டேன்.

சட்டென்று எழுந்து என் பக்கத்தில் வந்தாள். சூப்பர்வைசர் நிற்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“மேடம், அந்தப் பேரு வேணாம். இங்க யாருக்கும் தெரியாது.”

அப்போதுதான் அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தேன். வேறு பெயர் இருந்தது. வீட்டில் கூப்பிடுகிற பேராம், எல்லாரிடமும் அதையே சொல்லிவிட்டாளாம்.

“இப்ப ஓடறியாம்மா?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம், வாயில் வந்துவிட்டது.

“பஸ்ஸ புடிக்கத்தான் மேடம்” என்று சிரித்தாள். போண்டா வேண்டாம் என்றபோது சிரித்த அதே சிரிப்புதான்.

என் சாமான்களை எடுத்து ஒவ்வொன்றாக பில் போட ஆரம்பித்தாள். எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். உன் பக்கத்தை எடுத்துவிட்டோம் தெரியுமா என்று மெதுவாகச் சொன்னேன். தெரியும், அண்ணன் சொன்னான் என்றாள். பையை என் கையில் கொடுக்கும்போது கொஞ்சம் குனிந்து சொன்னாள்.

“அந்தப் பேர அடிச்சா இன்னும் அதெல்லாம் வருது மேடம். இந்தப் பேர அடிச்சுப் பாத்தேன். ஒண்ணுமே வரல. நிம்மதியா இருக்கு.”